நாக்கு தொடாத பதம்

நல்ல அதிரசத்தைக் கண்டுகொள்ளக் கடித்துப் பார்க்க வேண்டியதில்லை. கையில் எடுத்தாலே பாதி தெரிந்துவிடும். வட்டத்துக்கு ஏற்ற கனம் இருக்கும். ஆனால் விரலில் எண்ணெய் பிசுபிசுக்காது. மேல்தோல் செம்பழுப்பாக இருக்கும். ஓரம் மட்டும் ஒரு சாயல் கறுத்து நிற்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மேலெல்லாம் பொடிப்பொடியாக வெடிப்பு ஓடியிருக்கும். பிட்டால் ஒடியவும் கூடாது, இழுபடவும் கூடாது. மெல்லப் பிரிந்து வர வேண்டும். பிட்ட வாயில் ஈரம் பொதிந்த சின்னச் சின்னத் துளைகள் தெரிய வேண்டும். வாயில் போட்டால் முதலில் ஏலக்காயும் சுக்கும் வரும், பிறகு வெல்லம் வரும், விழுங்கப் போகும்போது அரிசி வரும். கடைசியாக வருகிற அந்த அரிசியின் ருசிதான் அதிரசத்தின் தரம். வெல்லம் மட்டும் இனித்துவிட்டுப் போனால் அது பண்டம். அரிசி நின்று பேசினால் அது அதிரசம்.

திருவண்ணாமலையிலும், அதைச் சுற்றியிருக்கிற போளூர், ஆரணி, செங்கம், வந்தவாசிப் பக்கத்து ஊர்களிலும் தீபாவளியின் மையம் பட்டாசு இல்லை, நோன்பு. ஐப்பசி அமாவாசையன்று கும்பிடுகிற கேதார கௌரி நோன்பு. எல்லா வீட்டுக்கும் அது கிடையாது. பரம்பரையாக நோன்பு எடுக்கிற வீடுகள் உண்டு. எடுக்காத வீடுகளும் உண்டு. ‘உங்க வீட்ல நோன்பு இருக்குதா?’ என்று சம்பந்தம் பேசும்போதே கேட்டு வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். நோன்புப் பொருளெல்லாம் 21 என்கிற கணக்கில் வரும். 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 மஞ்சள், 21 வாழைப்பழம், 21 இழையில் 21 முடிச்சுப் போட்ட நோன்புக் கயிறு. இவற்றுக்கு நடுவில் 21 அதிரசம். மற்றதெல்லாம் கடைத்தெருவில் கிடைக்கும். அதிரசம் வீட்டில் செய்ய வேண்டியது.

அதைச் செய்வதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அம்மனுக்குப் படைக்கும்வரை யாரும் ருசி பார்க்கக் கூடாது. மாவைக் கிள்ளி வாயில் போடக் கூடாது. பாகை நக்கிப் பார்க்கக் கூடாது. எண்ணெயிலிருந்து எடுத்த முதல் அதிரசத்தைப் பிள்ளைகளுக்குக்கூடக் கொடுக்க மாட்டார்கள். செய்கிறவர்கள் அநேகமாக அன்று விரதம். சமையல் என்றால் நாக்கின் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே முதல் நாள் அரிசி ஊறுவதிலிருந்து கடைசி அதிரசம் தட்டில் விழும்வரை நாக்குக்கு வேலையே இல்லை. விரல் பார்க்கிறது, கண் பார்க்கிறது, மூக்கு பார்க்கிறது, காது கேட்கிறது. தமிழ்நாட்டுப் பலகாரங்களிலேயே மிகக் கடினமான பதம் அதிரசத்தினுடையது. அதை ருசி பார்க்காமலேயே பிடிக்க வேண்டும். இந்தப் பலகாரத்தின் மேல் எனக்கு இருக்கிற மரியாதைக்கு இதுதான் முதல் காரணம்.

நோன்பின் கதையும் இந்த ஊருக்கு வேண்டிய கதைதான். பிருங்கி முனிவர் அம்மையை விட்டுவிட்டு அப்பனை மட்டும் சுற்றி வந்தார். மனம் நொந்த கௌரி கயிலையை விட்டு இறங்கி கௌதம முனிவரின் ஆசிரமத்துக்கு வந்தாள். அவர் சொல்லிக்கொடுத்த விரதத்தை 21 நாள் இருந்து, இறைவனின் இடப்பாகத்தைப் பெற்றாள். இது நோன்புக் கதை. திருவண்ணாமலைத் தலபுராணத்திலும் அம்மை தவமிருக்க வருகிறாள். அங்கேயும் கௌதமர் இருக்கிறார். பவழக்குன்றில் தவமிருந்து அவள் பெறுவதும் இடப்பாகம்தான். கிரிவலப் பாதையில் கௌதமருக்கு இன்றும் ஓர் இடம் இருக்கிறது. கார்த்திகை தீபத்தன்று மாலை அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடம் மட்டும் வெளியே ஆடி வந்து காட்சி கொடுக்க, அதே நேரத்தில் 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் ஏற்றுகிறார்கள். ஐப்பசி அமாவாசையில் வீட்டுக்குள் கேட்ட வரம் கார்த்திகைப் பௌர்ணமியில் மலையேறித் தெரிகிறது. அந்த வரத்தைக் கேட்கும்போது அம்மைக்கு முன்னால் வைப்பது வெல்லமும் அரிசியும் நெய்யும் சேர்ந்த ஒரு வட்டம். அரிசியும் வெல்லமும் தங்கள் தனித்தனி ருசியை விடாமல் ஒரே உடம்பாகிவிட்ட பண்டம் அது. பாகம் பிரியாத நோன்புக்கு இதைவிடப் பொருத்தமான படையல் கிடைக்காது.

அதிரசம் கோயில் மடைப்பள்ளியில் பழைய ஆள். திருமலைக் கோயிலின் 15, 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் அப்பப்படி, வடைப்படி, மனோகரப்படி, சுகியன்படி என்று வரிசையாக வரும் படிகளோடு அதிரசப்படியும் வருகிறது. அரிசி, வெல்லம், நெய் எவ்வளவு என்று அளந்து, அதற்கு முதல் வைத்து, கல்லில் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வெளியேயும் அதற்குச் சொந்தக்காரர்கள் ஏராளம். ஆந்திரத்தில் சங்கராந்திக்குச் செய்கிற அரிசெலு, கர்நாடகத்தின் கஜ்ஜாயம், மராட்டியத்தில் தீபாவளிக்குக் கசகசா ஒட்டிப் பொரிக்கிற அனார்சா, ஒடிசாவின் அரிசா பிட்டா எல்லாம் ஒரே குடும்பம். யாழ்ப்பாணத்தில் கல்யாணப் பலகாரமாக இது அரியதரம் என்று வரும். பச்சரிசியை ஊறவைத்து, ஈரத்தோடு இடித்து, பாகில் போட்டு, ஆறவைத்து, எண்ணெயில் பொரிக்கிற அறிவு நெல் விளைகிற பூமி முழுக்கப் பரவியிருக்கிறது.

நெல் விளையாத பூமியிலும், மாவைக் கையால் தட்டிக் கொழுப்பில் பொரிப்பது ஒரு சனத்தின் அடையாளமாகியிருக்கிறது. அமெரிக்கப் பழங்குடியினரின் வறுத்த ரொட்டியைச் சொல்கிறேன். 1864இல் அமெரிக்க ராணுவம் நவஹோ மக்களை அவர்களுடைய மண்ணிலிருந்து கிளப்பி, நூற்றுக்கணக்கான மைல் நடத்திக் கொண்டுபோய், நியூ மெக்சிகோவின் போஸ்க் ரெடோண்டோ முகாமில் அடைத்தது. விதைத்தது விளையாத அந்த இடத்தில் ரேஷனாகக் கொடுத்தது கோதுமை மாவு, சர்க்கரை, உப்பு, பன்றிக் கொழுப்பு. அவற்றை வைத்துப் பெண்கள் செய்த ரொட்டிதான் வழிவழியாக வந்தது என்று அந்த மக்கள் சொல்கிறார்கள். 1868இல் ஒப்பந்தம் போட்டு ஊர் திரும்பியபோது ரொட்டியும் கூடவே திரும்பியது. இன்று அவர்களுடைய கூடுகைகளில் அது இல்லாமல் இருக்காது. தெற்கு டகோட்டா மாநிலம் 2005இல் அதைத் தன் அதிகாரபூர்வ ரொட்டியாக அறிவித்தது. அவர்களும் மாவைப் பிசைந்து ஓய்வு கொடுக்கிறார்கள், உள்ளங்கையில் தட்டுகிறார்கள், நடுவில் துளை போடுகிறவர்களும் உண்டு. அந்த ரொட்டிக்குப் பின்னால் பிறர் சுமத்திய பசி இருக்கிறது. நம் அதிரசத்துக்குப் பின்னால் நாமே விரும்பி இருக்கிற பட்டினி இருக்கிறது. இரண்டையும் வீட்டுப் பெண்களின் கைதான் காப்பாற்றித் தலைமுறை தாண்டிக் கொண்டுவந்தது.

இனி அந்தக் கையைப் பார்ப்போம். அதிரசக் கலை முழுவதையும் ஒரே சொல்லில் அடக்கலாம்: ஈரம். அரிசியில் எவ்வளவு ஈரம் நிற்க வேண்டும், பாகில் எவ்வளவு ஈரம் போக வேண்டும், மாவு எவ்வளவு ஈரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், எண்ணெய் எவ்வளவு ஈரத்தை விரட்ட வேண்டும் என்ற நாலு கேள்விதான். நாலுக்கும் விடை தெரிந்தவர் கையில் அதிரசம் பிசகாது.

முதல் கேள்வி அரிசியிடம். மாவுப் பச்சரிசியைக் களைந்து இரண்டு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். பிறகு தண்ணீரை ஒட்ட வடித்து, வீட்டுக்குள் நிழலில், வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் பரப்புகிறார்கள். வெயிலில் போடக் கூடாது. மூட்டையில் இருக்கிற அரிசியில் நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பங்குதான் ஈரம் இருக்கும். ஊறியபின் அது கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். வேட்டி மேல்நீரை மட்டும் இழுத்துக்கொள்ள வேண்டும், உள்நீர் அரிசிக்குள்ளேயே நிற்க வேண்டும். கால் மணி நேரத்தில் ஒரு பிடி அரிசியை எடுத்து மூடிப் பிடித்துத் திறந்து பார்ப்பார்கள். உள்ளங்கை நனையக் கூடாது. ஆனால் நாலைந்து அரிசி கையில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்போது எடுத்துவிட வேண்டும். பத்து நிமிடம் அசந்தால் அரிசி உலர்ந்துவிடும். உலர்ந்த அரிசி அரைபடும்போது மணல் மாதிரி வரும். அந்த மாவு பாகைக் கண்டபடி குடித்துவிட்டு, பொரித்த மறுநாளே கல்லாக நிற்கும்.

அந்தக் காலத்தில் உரலில் போட்டு இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போட்டு இடித்தார்கள். இன்று மாவு மில்லில் கொடுக்கிறோம். தீபாவளிக்கு முந்தின வாரம் இங்கே மில்காரர்கள் ஈர அரிசிக்கென்றே தனியாக நேரம் ஒதுக்குகிறார்கள். காய்ந்த மிளகாயோ மல்லியோ அரைத்த மெஷினில் இதைப் போட்டால் நோன்பு கெட்டது. அரைத்த மாவைக் கையில் அள்ளிப் பிடித்தால் பிடித்தபடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். சலிக்கும்போதும் ரொம்ப நைசாகப் போகக் கூடாது. விரலிடுக்கில் தேய்த்தால் ரவைக்கும் மாவுக்கும் நடுவில் ஒரு மெல்லிய நறநறப்பு இருக்க வேண்டும். உள்ளே துளை விழுவதற்கும், கடைசியில் அரிசி ருசியாக நாக்கில் நிற்பதற்கும் அந்த நறநறப்புதான் காரணம். அரைத்த மாவை அகலமாகப் பரப்பி வைக்காமல் ஈரத் துணி போட்டு மூடி வைப்பார்கள்.

அடுத்தது வெல்லம். பொங்கலுக்குப் போடுகிற வெல்லமெல்லாம் அதிரசத்துக்கு ஆகாது. கடைக்காரரிடம் ‘பாகு வெல்லம்’ என்று கேட்டு வாங்க வேண்டும். பொன்னிறமாகப் பளிச்சென்று இருக்கிற வெல்லத்தை நான் நம்புவதில்லை. வெளுப்பதற்கு ஹைட்ரோஸ் போடுகிற வழக்கம் எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் கறுத்து, உடைத்தால் உள்ளே மினுமினுப்பாக, நகத்தால் கீறினால் சற்றே மெத்தென்று இருக்கிற மண்டை வெல்லம் அதிரசத்துக்கு அழகு. உவர் நிலத்துக் கரும்பின் வெல்லத்தில் உப்புக் கரிக்கும். பாகாகும்போது அந்தக் கரிப்பு இன்னும் ஏறும். பாகைத்தான் நக்கிப் பார்க்கக் கூடாது. வாங்கும்போதே கடையில் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்ப்பதற்கு எந்த விரதமும் தடையில்லை. அளவு, ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். வெல்லத்தைத் தட்டி, அது நனைகிற அளவு மட்டும் தண்ணீர் விட்டுக் கரையவைத்து, கட்டாயம் வடிகட்ட வேண்டும். அடியில் நிற்கிற மண்ணையும் கரும்புச் சக்கையையும் பார்த்தவர்கள் வடிகட்டாமல் பாகு காய்ச்ச மாட்டார்கள்.

பாகு கொதிக்க ஆரம்பித்ததும் பேச்சு நிற்கிறது. இந்த இடத்தில்தான் அதிரசம் பிறக்கிறது. எண்ணெயில் நடப்பது அதற்குப் பிறகான அலங்காரம். முதலில் நுரை பெரிய பெரிய குமிழாக, அவசரமாக எழும்பி உடையும். தண்ணீர் குறையக் குறையக் குமிழ் சிறுத்து, நெருங்கி, சோம்பலாக உடைய ஆரம்பிக்கும். சத்தமும் மாறும், சலசலப்பு அடங்கி ‘பொதக் பொதக்’ என்று கனத்துக் கேட்கும். வாசனையில் பச்சைக் கரும்பின் புளிப்பு போய், லேசான கருக்கல் எட்டிப் பார்க்கும். இந்த மூன்றும் சேர்ந்து வரும்போது பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் தயாராக இருக்க வேண்டும்.

கரண்டி முனையிலிருந்து ஒரு சொட்டு அந்தத் தண்ணீரில் விழுகிறது. கரைந்து பரவினால் பாகு வரவில்லை. அடியில் போய்ப் படிந்து, விரலால் கூட்டினால் நூலாக இழுபட்டு நழுவினால் இன்னும் வரவில்லை. கூட்டியதும் கூடி வந்து, விரல்களுக்கு நடுவில் உருண்டு, வெளியே எடுத்தால் உருண்டை நின்று, அழுத்தினால் மெத்தென்று அமுங்கினால் வந்துவிட்டது. தக்காளிப் பழப் பதம் என்று இதற்குப் பேர். பழுத்த தக்காளியை இரண்டு விரலால் அமுக்கினால் என்ன தெரியுமோ அதுதான் தெரிய வேண்டும். அதற்கு மேல் அரை நிமிடம் விட்டால் உருண்டை இறுகிவிடும். கிண்ணத்தின் விளிம்பில் தட்டினால் ‘டக்’ என்று கேட்கும். அது பொரி உருண்டைக்கு ஆகிற பாகு. கார்த்திகைக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதிரசத்துக்கு அது எமன்.

வெப்பமானி வைத்துப் பார்த்தால் இந்த மெத்தென்ற பதம் 112 முதல் 116 டிகிரி செல்சியஸுக்குள் வருகிறது. தண்ணீர் ஆவியாகப் போகப் போகப் பாகு கொதிக்கிற சூடு ஏறிக்கொண்டே போகும். இந்தச் சூட்டில் பாகில் நூற்றுக்குச் சுமார் பதினைந்து பங்கு ஈரம்தான் மீதி இருக்கும். மிட்டாய்க்காரர்கள் உலகமெங்கும் இதே பதத்தை இதே தண்ணீர்க் கிண்ணத்தில் பார்க்கிறார்கள். நாலு டிகிரி இடைவெளி என்பது கொதிக்கிற பாகில் கொஞ்ச நேரக் கணக்கு. அதை எந்தக் கருவியும் இல்லாமல் விரல் நுனியில் பிடிக்கிறார்கள். அடுப்பின் முன்னால் நிற்கிற மருமகளிடம் ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன்: ‘கொழம்பாத கண்ணு. இன்னும் ரெண்டு கொதி வரட்டும். கை சொல்லும்.’ கை சொல்லும் என்பது எவ்வளவு சரியான பேச்சு! அந்தக் கைக்கு எத்தனையோ தீபாவளி பாடம் நடத்தியிருக்கிறது.

பதம் வந்த நொடியில் பாத்திரத்தைக் கீழே இறக்கிவிட வேண்டும். ஏலக்காய்ப் பொடி, சுக்குப் பொடி, வறுத்த எள்ளு ஒரு பிடி. பிறகு ஒருவர் மாவைத் தூவ, இன்னொருவர் மரக் கரண்டியால் விடாமல் கிளற வேண்டும். இது இரண்டு பேர் வேலை. தனியாகச் செய்கிறவர்களுக்குக் கட்டி விழும். ஈர மாவு சூட்டுப் பாகில் விழுந்ததும் அரை வேக்காடு வேகிறது. மாவிலிருந்த ஈரமும் பாகும் ஒன்றுக்கொன்று பழகிக்கொள்கின்றன. இங்கே மாவு முழுவதையும் கொட்டிவிடத் தோன்றும், கூடாது. கரண்டியிலிருந்து மெல்ல வழிகிற தளர்ச்சியிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். மீதி மாவு இருந்தால் இருக்கட்டும். சூட்டில் தளர்ச்சியாகத் தெரிவது ஆறினால் கெட்டிப்படும். சூட்டிலேயே கெட்டியாக இருந்தால் நாளைக்கு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மேலே ஒரு கரண்டி நெய் விட்டுத் தடவி, வாயைத் துணியால் கட்டி ஓரமாக வைத்துவிடுகிறார்கள்.

அடுத்து நடக்கிற வேலையில் மனிதர் கை கிடையாது. ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், மாவு சும்மா இருக்க வேண்டும். பாகு ஒவ்வொரு அரிசித் துகளுக்குள்ளும் நிதானமாக இறங்குகிறது. முதல் நாள் மாவைத் தட்டிப் போட்டால் வெல்லம் தனியாக, மாவு தனியாக ருசிக்கும். எண்ணெயிலும் விரிசல் விடும். இரண்டாம் நாள் அதே மாவு கையில் எண்ணெய் தொடாமலேயே உருளும். அவசரக்காரர்கள் செய்யக்கூடாத பலகாரம் இது. தீபாவளி அமாவாசைக்கு முன்பே மாவு தயாராகி வாய்கட்டி உட்கார்ந்திருக்கிற வீட்டில் நோன்பு நாளன்று பதற்றமே இருக்காது.

பொரிக்கிற எண்ணெய் இந்தப் பக்கத்தில் மல்லாட்டை எண்ணெய். நிலக்கடலைக்கு இங்கே அதுதான் பேர். மானாவாரியாக மல்லாட்டை விளைகிற மாவட்டம் இது; செக்கில் ஆட்டிய எண்ணெயின் கனத்த வாசனை வெல்லத்தோடு சேரும்போது ஒரு தனிக் குணம் வருகிறது. வாசனையே இல்லாத பாக்கெட் எண்ணெயில் பொரித்தால் அதிரசம் வரும், ஆனால் ஊர் வராது. வாழையிலைத் துண்டில் எண்ணெய் தடவி, எலுமிச்சை அளவு உருண்டையை வைத்து விரல் நுனிகளால் தட்டுகிறார்கள். ஓரம் மெலிந்தால் கருகும், நடு தடித்தால் வேகாது. ஆகவே தட்டும்போது விரல் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய், ஓரத்தில் சற்று நின்று திரும்புகிறது. இலையை அப்படியே உள்ளங்கையில் கவிழ்த்து, வட்டத்தை எண்ணெயில் நழுவவிடுகிறார்கள்.

தீ மட்டாக இருக்க வேண்டும். வெல்லம் சேர்ந்த மாவு சீக்கிரம் சிவந்துவிடும். தீ பெரிதானால் தோல் கறுத்து உள்ளே பச்சையாக நிற்கும். நழுவிய வட்டம் முதலில் அடிக்குப் போகும். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஓரங்களில் குமிழ் கிளம்பி, உள்ளே மீதியிருந்த ஈரம் ஆவியாகி மாவைத் தூக்க, வட்டம் மேலே வந்து மிதக்கும். மேலே வரும்வரை கரண்டி தொடக் கூடாது. மிதந்தபின் சூடான எண்ணெயை அதன்மேல் இரண்டு முறை வாரி விட்டால் நடு லேசாக உப்பும். ஒரே ஒரு முறை திருப்ப வேண்டும். பாகு இளகலாக இருந்திருந்தால் வட்டம் எண்ணெயிலேயே பிரிந்து கரைந்து போகும். அப்படிப் போனால் மாவில் கொஞ்சம் ஈர மாவு சேர்த்துப் பிசைந்து சரிசெய்யலாம். முறுகிய பாகுக்கு அவ்வளவு சுலபமாக மருந்து கிடையாது. அதனால்தான் சந்தேகம் வந்தால் இளகல் பக்கமே நிற்கச் சொல்கிறார்கள்.

செம்பொன் நிறம் வந்ததும் எடுத்து, இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்துகிறார்கள். எண்ணெய் ஓடி வடிகிறது. பலமாக அழுத்தினால் உள்ளே இருக்கிற துளைகள் நசுங்கி அதிரசம் அடையாகிவிடும். அழுத்தாமல் விட்டால் மறுநாள் எண்ணெய் நாறும். சரியாக அழுத்திய அதிரசம் அமுங்கி, கரண்டியை எடுத்ததும் ஒரு நெல்லளவு மீண்டு எழும். அந்த மீட்சியைப் பார்த்தால் உள்ளே பதம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். சூட்டில் தளர்ந்திருக்கிற வட்டங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் தனித்தனியாக ஆறவிட வேண்டும்.

நோன்பு முடிந்து, கயிறு கட்டி, படைத்த 21இல் ஒன்று அவரவர் கைக்கு வரும்போதுதான் செய்தவர்களுக்கே தாங்கள் செய்தது தெரியவருகிறது. அன்று மாலை அது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதிரசத்தின் உச்சம் அன்று இல்லை. மூடிய டின்னில் இரண்டு நாள் கிடந்து, தோலின் மொறுமொறுப்பும் உள்ளின் ஈரமும் ஒன்றாகி, சுக்கும் ஏலமும் உள்ளே இறங்கிய மூன்றாம் நாள்தான் அது முழு அதிரசம். பாகு சரியாக இருந்தால் பத்து நாளைக்கு மேல் இருந்தாலும் மெத்தென்றே இருக்கும். சொந்தக்காரர் வீடுகளுக்கு வெற்றிலைப் பாக்கோடு கொடுத்தனுப்புவதும் அந்த நாட்களில்தான். ‘இந்த வருஷம் அதிரசம் எப்படி வந்துது?’ என்ற கேள்வி நலம் விசாரிப்புக்குச் சமமாகத் தெருவில் கேட்கும்.

கடை அதிரசத்தை முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். நல்ல கைகள் கடைகளிலும் இருக்கின்றன. சுயஉதவிக் குழுப் பெண்கள் செய்து தருகிற நல்ல அதிரசங்களும் உண்டு. ஆனால் காய்ந்த மாவு பாக்கெட்டிலும், பாகு காய்ச்சாமல் வெல்லத்தூள் கலந்த உடனடி மாவிலும் அதிரசம் கிடையாது. வட்டம் வரும், இனிப்பு வரும், நிறமும் வரும். ஈரத்தின் வரலாறு அதில் இல்லாததால் அரிசி பேசாது. மைதாவோ ரவையோ சேர்த்து மெத்தென்று ஆக்குகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: பாகில் செய்ய வேண்டிய வேலையை மாவில் செய்ய முடியாது.

மாற்றிச் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த மாவட்டத்திலேயே வேறு வழி இருக்கிறது. வடமேற்கே ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிரிடுவது சாமை. உமி நீக்கிய சாமையை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரத்தோடு அரைத்தால் அதிரசத்துக்கு நன்றாகவே ஒத்துழைக்கும். சிறுதானியம் அரிசியைவிடச் சீக்கிரம் உலரும். ஆகவே வேட்டியில் பரப்பியபின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பாகு அதே தக்காளிப் பழப் பதம். பொரித்து வரும்போது நிறம் கொஞ்சம் மங்கலாகவும், ருசியில் மண்ணின் வாசம் கொஞ்சம் தூக்கலாகவும் இருக்கும். தினையிலும் இதே போல் செய்கிறார்கள். மலையில் விளைந்த சாமையும் அடிவாரத்தில் விளைந்த மல்லாட்டையும் ஒரே சட்டியில் சந்திக்கிற அதிரசம், அரிசி அதிரசத்துக்கு எந்த விதத்திலும் இளைத்ததில்லை என்பது என் தீர்மானம்.

ஒரு கவலையையும் சொல்லியாக வேண்டும். நோன்பு நிற்கவில்லை, கோயில்களில் தீபாவளியன்று நோன்புக் கூடையோடு வருகிற கூட்டம் குறையவில்லை. கூடைக்குள் இருக்கிற அதிரசம்தான் மெல்லக் கடைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. வேலைக்குப் போகிற பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மூன்று நாள் வேலையை ஒரே ஆள் தலையில் கட்டிய பழக்கத்தைத்தான் குறை சொல்ல வேண்டும். மாவு தூவ ஒரு கை, கிளற ஒரு கை, தட்ட ஒரு கை, பொரிக்க ஒரு கை என்று பிரித்துக்கொண்டால் பாரம் தெரியாது. அம்மையும் அப்பனும் பாதிப் பாதியான நோன்புக்கு, வீட்டு ஆண்கள் பாகு கிளறினால் பொருத்தமாகத்தான் இருக்கும்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். முதல் முறை செய்கிறவர்கள் 21ஐ நினைத்து மலைக்க வேண்டாம். நோன்புக்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரைக் கிலோ அரிசியும் அதற்கு 375 கிராம் வெல்லமும் வைத்துப் பழகிப் பாருங்கள். வீட்டில் பதம் தெரிந்த பெரியவர் இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். கேட்டுக் குறித்துக்கொண்டால் போதாது. தண்ணீர்க் கிண்ணத்தில் உங்கள் விரலையே விட்டு அந்த உருண்டையைக் கூட்டிப் பாருங்கள். பாகுப் பதம் அப்படித்தான் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வரும்.